ஓட்டியவர் மீது தவறில்லை

கார் டயர் தேய்வதற்கு மூன்று காரணங்கள் உண்டு. காற்று குறைவாக இருந்தால் இரண்டு ஓரங்களும் தேயும். காற்று கூடிப்போனால் நடுப்பகுதி தேயும். சக்கரம் நேராக நிற்காமல் கோணலாக ஓடினால் ஒரு பக்கம் மட்டும் தேயும். இதையெல்லாம் எனக்குக் கற்றுத் தந்தது ஒரு தட்டச்சு இயந்திரம். இந்த மூன்றையும் எத்தனை கடிதங்களில் அடித்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. காரணம் எதுவானாலும் கடைசி வரி மட்டும் மாறாது: "ஆகவே இது தங்களின் கவனக்குறைவால் நேர்ந்தது. நிறுவனம் பொறுப்பேற்க இயலாமைக்கு வருந்துகிறோம்."

எழுபதுகளின் கடைசியில் மதுரை மேல வெளி வீதியில் ஒரு டயர் கடையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்திருந்தேன். முதலாளி வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய அப்பா காலம் வரை நெசவு. இவர்தான் தறியை விட்டுவிட்டு டயருக்கு வந்தார். நல்ல மனிதர். கோபம் வந்தால் யாரையும் திட்டமாட்டார், மேஜை மேலிருக்கும் காகிதங்களை அடுக்குவார். காகிதம் ஏற்கெனவே அடுக்கித்தான் இருக்கும். கலைத்துவிட்டு மறுபடி அடுக்குவார்.

எங்கள் கடையில் வாங்கிய டயர் சீக்கிரமே வெடித்தாலோ, பிய்ந்துபோனாலோ வாடிக்கையாளர் அதைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வருவார். நாங்கள் ஒரு படிவம் நிரப்பி, டயரைப் பின்கட்டில் போட்டு வைப்போம். மாதம் ஒருமுறை மெட்ராஸிலிருந்து கம்பெனி இன்ஸ்பெக்டர் ரயிலில் வருவார். கையில் ஒரு டார்ச் லைட், ஒரு சாக்பீஸ், ஒரு பேனாக்கத்தி. காபி வருவதற்குள் ஐந்தாறு டயர்களைப் பார்த்து முடித்துவிடுவார். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் சுருக்கெழுத்தில் எடுத்து, தமிழில் கடிதமாக்கி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும்.

நான் சேர்ந்த முதல் இரண்டு வருடங்களில் கம்பெனியின் தவறால் ஒரு டயர்கூடச் சாகவில்லை. மதுரை ஜில்லாவில் கார் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை என்பதுதான் என் கடிதங்கள் எல்லாம் சேர்ந்து சொன்ன செய்தி.

இன்ஸ்பெக்டரின் ஆங்கிலத்தைத் தமிழாக்குவதில்தான் எனக்குச் சிக்கல். தரையில் படுகிற பகுதிக்கு அவர் 'ட்ரெட்' என்றார். அகராதியைப் பார்த்து 'மிதிபரப்பு' என்று எழுதினேன். கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். "யாரும்மா மிதிச்சா? எங்க வீட்ல யாரும் டயரை மிதிக்கல" என்றார். டயர் மாட்டும் அண்ணன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "பட்டன்னு எழுதுங்கக்கா. பட்டன் தேஞ்சுபோச்சுன்னா பச்சப் பிள்ளைக்கும் தெரியும்" என்றார். அன்றிலிருந்து பட்டன்.

அதைவிடப் பெரிய அவமானம் 'பீடு'. டயரின் உள்விளிம்பில் கம்பி வைத்த வளையம் ஒன்று உண்டு. இரும்புச் சக்கரத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்வது அதுதான். அகராதியில் பீடு என்றால் மணி என்று போட்டிருந்தது. "தங்கள் காரின் மணி அறுந்துள்ளது" என்று பரவைக்காரர் ஒருவருக்குக் கடிதம் போய்விட்டது. அவர் வந்து நிதானமாகச் சொன்னார். "எங் காருக்கு மணியே கெடையாது தாயி. மாட்டுக்குத்தேன் கட்டியிருக்கேன். அது நல்லாத்தேன் இருக்கு."

அதன்பின் அகராதியை மூடிவிட்டு, இன்ஸ்பெக்டர் வரும் நாட்களில் நானே பின்கட்டுக்குப் போய் அவர் எதைக் காட்டி எதைச் சொல்கிறார் என்று பார்க்கத் தொடங்கினேன். டயரின் பக்கவாட்டில் இருந்த எழுத்துகளை அப்படித்தான் படிக்கக் கற்றேன். 5.90-15 என்றிருந்தால் டயரின் அகலம் ஆறு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, உள்ளே மாட்டும் சக்கரத்தின் விட்டம் பதினைந்து அங்குலம். 6 பி.ஆர். என்றிருந்தால் ஆறு அடுக்கு நூல் என்று நினைப்போம். உள்ளே நாலுதான் இருக்கும். நைலான் நூல் பலமானது, நாலே பழைய பருத்தி நூல் ஆறுக்குச் சமம், ஆகவே ஆறு. இந்த விளக்கத்தை முதல்முறை கேட்டபோது எனக்கு என் ஆபீஸ் பதவியின் நினைவு வந்தது. நியமன உத்தரவில் டைப்பிஸ்ட் என்று போட்டிருந்தார்கள். பார்த்தது நாலு பேர் வேலை.

எண்பது பிறந்திருந்த சமயம், எழுமலையிலிருந்து ஒரு விவசாயி பஸ் கூரையில் டயரைப் போட்டுக்கொண்டு வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. சொந்த அம்பாசிடருக்கு எங்கள் கடையில் ஒரு மாதத்துக்கு முன்புதான் புது டயர் வாங்கிப் போயிருந்தார். படிவத்தை எடுத்துக்கொண்டு கேள்விகளை ஆரம்பித்தேன். அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

அவருடைய ஒரே மகளை நாகமலை புதுக்கோட்டையில் கொடுத்திருந்தார். மருமகன் அங்கே பல்கலைக்கழக ஆபீஸில் வேலை. மகளுக்கு வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்காகத் தன் வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார். காரை ஓட்டியது இவர். பின்சீட்டில் மனைவியும் மகளும். செக்கானூரணி தாண்டியதும் பின்பக்கம் ஏதோ தட்டுகிற மாதிரி சத்தம். என்னவென்று நிறுத்திப் பார்க்க நினைத்த அந்த நேரத்தில் டயர் வெடித்துவிட்டது. கார் ரோட்டை விட்டு இறங்கி ஒரு கடலைக்காட்டுக்குள் போய் நின்றது.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்லையே?" என்றேன். படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.

"சாமி புண்ணியத்துல ஒரு கீறல் இல்ல தாயி. ஆனா அம்புட்டுப் பேரும் பயந்துபோனோம்."

"காத்து எவ்வளவு வச்சிருந்தீங்க?"

"காலையில உசிலம்பட்டி பெட்ரோல் பங்க்குல பிடிச்சேன். இருபத்தாறு பவுண்டு. ஆளு கூட ஏறும்னு சொல்லித்தேன் இருபத்தாறு."

இருபத்தாறு என்று எழுதிக்கொண்டேன். மாற்று டயர் வேண்டுமா என்ற கட்டத்துக்கு வந்ததும் அவர் தலையை ஆட்டினார்.

"டயர் வேணாம். தப்பு யாரு மேலன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, போதும். மாப்ள வீட்ல எல்லாரும், வயித்துப் பிள்ளைக்காரிய ஏத்திக்கிட்டு ஓட்டத் தெரியாத மனுசன் எதுக்குக் காரைத் தொட்டான்னு பேசுறாக. பிள்ளை பெத்து வாரப்ப அவுகளே வாடகைக் கார் அனுப்புவாகளாம். எங் காருல எம் மக ஏறக் கூடாதாம். தப்பு எம்மேலதேன்னா அப்படியே எழுதிருங்க. காரை வித்துட்டு மாட்டு வண்டியில போயிக்கிறேன்."

அவர் போன பிறகு படிவத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கடைசி வரி எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். அதை அடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று காலையிலேயே விவசாயியும் வந்துவிட்டார். வாடிக்கையாளர்கள் பின்கட்டுக்கு வரும் வழக்கம் இல்லை. வேண்டாமென்று யாரும் சொல்வதற்குள் அவர் வந்து நின்றுவிட்டார். இன்ஸ்பெக்டர் டயரைக் காலால் ஒரு புரட்டுப் புரட்டினார். வெடித்த வாயைப் பார்த்தார். பெரிய பூசணிப் பத்தை மாதிரி ஒரு பகுதி பட்டனோடு பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்டர் இன்ஃப்ளேஷன். காத்து கம்மியா ஓட்டியிருக்காங்க. நெக்ஸ்ட்" என்றார்.

நான் பென்சிலை எடுத்தேன். எழுதியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பேசிவிட்டேன். பேசப்போகிறேன் என்பது எனக்கே முன்கூட்டித் தெரியாது.

"சார், ஓரம் தேயலையே."

"என்னது?"

"காத்து கம்மின்னா ரெண்டு ஓரமும் தேயும்னு போன மாசம்கூட எழுதச் சொன்னீங்க சார். இதுல ரப்பர் முடிகூட உதிரலை."

புது டயரில் மெல்லிய முடி மாதிரி ரப்பர் நீட்டிக்கொண்டிருக்கும். ஓட ஓட உதிர்ந்துவிடும். ஓரத்தில் அவை அப்படியே இருந்தன. இன்ஸ்பெக்டர் என்னை முதல்முறையாகப் பார்த்தார். இரண்டு வருடங்களாக நான் அவருக்கு ஒரு பென்சிலாகத்தான் இருந்திருக்கிறேன்.

"கொஞ்ச தூரம் மட்டும் காத்தில்லாம ஓடியிருக்கலாம்மா. அப்ப ஓரம் தேயாது."

"அப்ப உள்பக்கம் சுத்தியும் கறுப்பா வளையம் விழும்னு நீங்கதான் சார் சொன்னீங்க. வாடிப்பட்டிக்காரர் கேஸ்ல."

டார்ச்சை உள்ளே அடித்தார். வளையம் இல்லை. டயர் மாட்டும் அண்ணன், யாரும் சொல்லாமலே, தொங்கிய துண்டைக் கத்தியால் அறுத்து விரித்துப் போட்டார். நூல் அடுக்கிலிருந்து ரப்பர் ஈரவெங்காயத் தோல் மாதிரி தனியாகக் கழன்று வந்தது. பக்கத்தில் நின்ற முதலாளி குனிந்து ஒரு நூலை இரண்டு விரலால் உருவினார். வெள்ளையாக, சுத்தமாக, ஒரு பொட்டு ரப்பர் ஒட்டாமல் வந்தது.

"அட, கஞ்சியே பிடிக்காத தறிப் பாவு நூல் மாதிரில்ல இருக்கு" என்றார்.

சொன்ன பிறகுதான் தான் டயர் கம்பெனி ஏஜெண்ட் என்பது அவருக்கு நினைவு வந்தது. நெசவுக்காரர் கை தானாகப் பேசிவிட்டது. நூலை மெதுவாகக் கீழே போட்டார்.

விவசாயி இதற்குள் அடுக்குகளை எண்ணிவிட்டார். "ஏம்மா, இதுல ஆறுன்னு போட்டிருக்கு. உள்ள நாலுதேன் இருக்கு?"

"அது ஆறு அடுக்கு இல்ல பெரியவரே" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆறுக்குச் சமமான பலம்னு அர்த்தம்."

"ஆறு மாடுன்னு சொல்லி நாலு மாட்டை ஓட்டிவிட்டா எங்க சந்தையில ஒத்துக்கிறமாட்டாக சார்."

அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இன்ஸ்பெக்டர் சொன்னது முழுக்க உண்மை. அதை மட்டும் அன்று அங்கே யாரும் நம்பவில்லை.

அவர் டயரின் மேல் வழக்கம்போல் சாக்பீஸால் முடிவை எழுதாமல், தனியாகக் கட்டி மெட்ராஸுக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். முதலாளி வெகுநேரம் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் நான் கிளம்பும்போது, "ஏம்மா, நீ டைப்பிஸ்ட்தானே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. சரியானதைச் சொன்னால் மனம் நிறையும் என்பார்கள். எனக்கு வயிறுகூட நிறையவில்லை.

வேலை போகவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு புது டயர் வந்தது, கூடவே ஆங்கிலத்தில் ஒரு கடிதம். நல்லெண்ண அடிப்படையில் மாற்று டயர் வழங்கப்படுகிறது, இதைத் தவறை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளக் கூடாது என்று இருந்தது. விவசாயியை வரச்சொல்லி, படித்து அர்த்தம் சொன்னேன்.

"இதுல தப்பு யாரு மேலன்னு இல்லையே தாயி."

"இல்லைங்கய்யா."

"அப்ப டயரை நீங்களே வச்சுக்கங்க. எனக்கு இது வேணாம்."

மதுரையில் ஒரு மனிதர் ஓசியில் வந்த புது டயரை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். போகிற உத்தேசம் தெரியவில்லை. நான் கடையின் லெட்டர் பேடில் ஒரு தாளை உருவி மெஷினில் சொருகி, நானாகவே அடித்தேன். "தாங்கள் ஒப்படைத்த டயரைப் பரிசோதித்ததில், உள்ளே நூலும் ரப்பரும் சரிவர ஒட்டாததே அது வெடிக்கக் காரணம் என்று தெரிகிறது. ஓட்டியவர் மீது தவறில்லை."

முதலாளி என் கடிதங்களைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். அன்று பார்த்துப் படித்தார். இரண்டு முறை படித்தார். காகிதங்களை அடுக்குவார் என்று நினைத்தேன். பேனாவை எடுத்து, முதல் வாக்கியத்தை முழுவதும் கோடு போட்டு அடித்தார். "இதை மட்டும் வச்சு மறுபடி அடிச்சுக் குடு" என்றார். மிச்சமிருந்தது "ஓட்டியவர் மீது தவறில்லை" என்ற மூன்று வார்த்தைதான். மதுரையின் மிகச் சிறிய வியாபாரக் கடிதம் அதுவாகத்தான் இருக்கும். கீழே கையெழுத்து, அதன் கீழே ரப்பர் ஸ்டாம்ப். விவசாயி ஸ்டாம்பைத் தொட்டுப் பார்த்தார். மை கையில் ஒட்டியது. அதற்கப்புறம்தான் டயரைத் தூக்கிக்கொண்டார்.

அந்தக் கடிதம் நாகமலை புதுக்கோட்டை போனது. சம்பந்தி மூக்குக்கண்ணாடி போட்டு வாய்விட்டுப் படித்தாராம். தாளில் டைப் அடித்து வந்தால் எங்கள் ஊரில் அதற்கு மறுபேச்சுக் கிடையாது. பேரன் பிறந்து மூன்றாம் மாதம், மகள் அப்பாவின் காரிலேயே புருஷன் வீட்டுக்குப் போனாள். அவர் கடைக்கு ஒரு மூட்டை நிலக்கடலை கொண்டுவந்து போட்டுவிட்டு இந்தச் சங்கதியைச் சொன்னார். முதலாளிக்குக் கடலை பிடிக்கும். சந்தோஷமாகவே கேட்டுக்கொண்டார்.

வந்த வினை வேறு. அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். டயர் வாங்க இல்லை, கடிதம் வாங்க. ஒருவர் பாலத்துக் கட்டையில் இடித்தவர். ஒருவர் காருக்கே சொந்தக்காரர் இல்லை, சைக்கிளில் போய் வாய்க்காலில் விழுந்தவர். "எழுமலைக்காரருக்குக் குடுத்தீங்கள்ல, அதே மாதிரி ஒண்ணு" என்றார்கள். டயரைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்றால் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. கொண்டுவந்த மிச்சப் பேருக்கு நான் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. பத்தில் ஒன்பது மொட்டை டயர். காற்றே பார்த்திருக்க மாட்டார்கள். இன்ஸ்பெக்டர் இதைப் பார்த்துவிட்டு, "நீங்களே பார்த்து எழுதி வையுங்க, நான் வந்து கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டார். ஆக, கம்பெனியை எதிர்த்துப் பேசியதற்கு எனக்குக் கிடைத்த பரிசு, கம்பெனிக்காக மறுப்பது. ஒரு வித்தியாசம் உண்டு. முன்பெல்லாம் மறுப்புக் கடிதத்தைக் கொண்டுவந்து சண்டை போடுவார்கள். இப்போது, "அந்தப் பிள்ளையே சொல்லிருச்சா? அப்பச் சரிதேன்" என்று போய்விட்டார்கள். கம்பெனிக்கு இப்படி ஒரு லாபம் வரும் என்று தெரிந்திருந்தால் அவர்களே என்னைப் பேசச் சொல்லியிருப்பார்கள்.

அப்புறம் இரண்டு வருடம் இருக்கும். எழுமலைக்காரரின் மருமகன் ஒரு பழைய ஃபியட் வாங்கியிருந்தார். எங்கள் கடையில் போட்ட டயர் ஒன்று வெடித்துவிட்டதென்று கொண்டுவந்தார். பேன்ட், சட்டைப் பையில் இரண்டு பேனா. "மேனுஃபேக்சரிங் டிஃபெக்ட்" என்று அவரே சொல்லிவிட்டார். டயரைப் பார்த்தேன். இரண்டு ஓரமும் தேய்ந்து வழவழவென்றிருந்தது. உள்ளே டார்ச் அடித்தேன். சுற்றிலும் கறுப்பு வளையம், கரிக்கட்டையால் கோடு போட்டது மாதிரி. காற்று எவ்வளவு வைத்திருந்தீர்கள் என்றேன். "அதெல்லாம் கரெக்டாத்தான் இருக்கும்" என்றார். ஒரு வாரம் கழித்துக் கடிதம் வரும் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் மாமனார் வந்தார். இந்தமுறை உட்கார்ந்தார்.

"மாப்ள டயர் பாத்தீகளா?"

"பாத்தேன்யா."

"காத்து இல்லையா?"

"இல்லை. ரொம்ப நாளாவே இல்லை."

அவர் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் வந்து போனதைப் பார்த்தேன். நான் அவரைக் குறைசொல்ல மாட்டேன், எனக்கும் வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வண்டியில எம் மகளும் பேரனும் இருந்திருக்காக தாயி. தப்பு மாப்ள மேலன்னு தாள்ல போச்சுன்னா, சம்பந்தி நாலு பேரு முன்னாடி வாசிச்சுருவாரு. மாப்ள அந்தக் கோவத்தை எம் மக மேலதேன் காட்டுவாரு. அவருக்கும் அதே மாதிரி ஒண்ணு எழுதிருங்க."

"பொய் எழுத முடியாதுங்கய்யா."

"பொய் எழுதச் சொல்லல. எம்பேருல தப்பில்லைன்னு எழுதுனப்பகூட முதலாளி பாதியை அடிச்சாரே. அந்த மாதிரி பாதி எழுதுங்க."

நான் மெஷினில் ஒரு தாளைச் சொருகினேன். நாலு வருடம் கம்பெனியின் கடிதங்களை அடித்ததில் ஒன்று தெரிந்திருந்தது. யாரையும் சுட்டிக்காட்டாமல் ஒரு வாக்கியத்தை எழுதிவிட முடியும். அடித்தேன். "பரிசோதனையில், டயரில் காற்று குறைந்திருந்தது தெரியவந்தது. மாற்று டயர் வழங்க இயலாது. வாரம் ஒருமுறை காற்றுச் சரிபார்ப்பது நல்லது."

படித்துக் காட்டினேன். யார் பார்க்கவில்லை, யார் பார்த்திருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. அவர் மறுபடி ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"காத்து தானாவும் குறையும்ல?" என்றார்.

"குறையும்யா. கொஞ்சம் கொஞ்சமா எல்லா டயர்லயும் குறையும்."

"அதேன். அப்படித்தேன் நானும் சொல்லப்போறேன்."

முதலாளி அதில் ஒரு எழுத்தைக்கூட அடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, ஸ்டாம்பை மட்டும் இரண்டு இடத்தில் குத்தச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற கடிதம், பார்க்க மரியாதையாக இருக்கட்டும் என்றார்.